உள்ளூர் வானொலியில் ஊர்க் கோரிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு பொதுக் கோரிக்கைக்காக ஆள் சேர்த்து, அதிகாரத்தில் இருப்பவர்களை அசைக்கப் பார்க்கும் சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். புரிவதற்காகக் கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க சிக்னல் வேண்டும் என்று பெற்றோர் குழு ஒன்று கேட்கிறது. முடிவு நகர மன்றத்தின் கையில் இருக்கிறது.

எல்லோர் கையிலும் செல்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு?

உங்கள் செல்பேசிப் பதிவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள். அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டிப் போகிறவர், பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர், உங்கள் குழுவின் பெயரையே கேள்விப்படாதவர் இவர்களையெல்லாம் வானொலிதான் எட்டும். கை வேலையாக இருக்கும்போதும் காது சும்மாதானே இருக்கிறது. அதோடு, உள்ளூர் நிலையத்தின் நேயர்கள் பெரும்பாலும் உங்கள் பகுதியின் நகர மன்ற உறுப்பினருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். அவரே கேட்காவிட்டாலும், “உங்க வார்டைப் பத்தி ரேடியோவில் பேசினாங்க” என்று யாராவது அவர் காதில் போடுவார்கள். அது ஆயிரம் லைக்கைவிட அவரை அதிகம் தொந்தரவு செய்யும்.

இது புதிய யோசனையும் இல்லை. கனடாவில் 1941 முதல் 1965 வரை விவசாயிகளுக்கான வானொலி மன்றங்கள் இருந்தன. திங்கட்கிழமை இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டார்கள், விவாதித்தார்கள், தங்கள் முடிவை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். ‘படி, கேள், விவாதி, செயல்படு’ என்பது அவர்களின் முழக்கம். அதே முறையை 1956இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் செய்து பார்த்தன. பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து சொந்தமாகவே நிலையங்கள் தொடங்கி, தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு நடத்தினார்கள். மூன்றிலும் வானொலி தனியாக எதையும் சாதிக்கவில்லை. கேட்டவர்கள் கூடிப் பேச ஓர் இடம் இருந்தது. உங்கள் திட்டத்திலும் அந்த இடம் எது என்பதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

எந்த நிலையத்தை அணுகுவது?

பொதுவாக மூன்று வகை. அரசு அல்லது பொதுத்துறை வானொலிக்கு எட்டும் தூரம் அதிகம், நடைமுறையும் அதிகம். கடிதம், அனுமதி, காத்திருப்பு எல்லாம் உண்டு. வணிகப் பண்பலைக்கு நேயர் கூட்டம் பெரியது. ஆனால் அங்கே ஒவ்வொரு நிமிடமும் காசு, ‘போராட்டம்’ என்ற சொல்லைக் கேட்டாலே விளம்பரதாரர் என்ன நினைப்பாரோ என்று யோசிப்பார்கள். லாப நோக்கமின்றி உள்ளூர் மக்களுக்காக நடத்தப்படும் சமுதாய வானொலிக்கு வீச்சு குறைவு. பல நாடுகளில் அதன் ஒலிபரப்புத் திறன் 100 வாட் அளவுக்குத்தான் அனுமதிக்கப்படுகிறது, அதாவது சில கிலோமீட்டர், நிலமும் உயரமும் ஒத்துழைத்தால் பத்துப் பதினைந்து. ஆனால் பள்ளி வாசல் சிக்னலுக்கு அதுவே போதும். என் ஓட்டு சமுதாய வானொலிக்கு. அரை மணி நேரம் பேசவிடுவார்கள், அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வாரம் அதைக் கேளுங்கள். எந்த நிகழ்ச்சியில் வெளியாட்களைப் பேசவிடுகிறார்கள், தொகுப்பாளர் யார், எந்த நேரத்தில் நேயர் அழைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியைக் கேட்காமலே “உங்கள் மதிப்புமிக்க நிலையத்துக்கு” என்று கடிதம் எழுதுகிறவர்களை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அங்கே யாரைப் பார்ப்பது? மேலாளரையா, ஆர்ஜேயையா?

நிகழ்ச்சித் தயாரிப்பாளரை. விருந்தினரைத் தேடுவது, நேரம் ஒதுக்குவது, கேள்வி தயாரிப்பது எல்லாம் பெரும்பாலும் அவர் வேலை. ஆர்ஜே மனம் வைத்தால் பேச்சோடு பேச்சாக ஒரு வரி சொல்லுவார், அதுவும் நல்லதுதான். மேலாளரிடம் நேராகப் போனால் விஷயம் கொள்கை முடிவாகிவிடும், கொள்கை முடிவு சீக்கிரம் வராது. சிறு நிலையங்களில் இந்த மூவரும் ஒரே ஆளாக இருப்பார்கள், அப்போது பிரச்சினையே இல்லை.

விளம்பரம், பொதுநல அறிவிப்பு, பேட்டி, செய்தி: எதைக் கேட்பது?

பல குழுக்கள் தடுமாறும் இடம் இதுதான். “இலவசமாகப் பொதுநல அறிவிப்பு போடுங்கள்” என்று கேட்டுப் போய், மறுத்ததும் நிலையத்தின்மேல் கோபித்துக்கொள்கிறார்கள்.

பொதுநல அறிவிப்பு என்பது யாரும் ஆட்சேபிக்க முடியாத விஷயத்துக்கானது. ரத்ததானம், தடுப்பூசி முகாம், கூட்ட அறிவிப்பு போன்றவை. “நகர மன்றம் சிக்னல் போட வேண்டும்” என்பது ஒரு தரப்பின் கோரிக்கை. அதை இலவச அறிவிப்பாகப் போட்டால், நாளை எதிர்த்தரப்பு வந்து தங்களுக்கும் போடச் சொல்லும். தயாரிப்பாளரின் பயம் நியாயமானது. எனவே ஒரே விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். “செவ்வாய் மாலை ஆறு மணிக்கு நகர மன்றக் கூட்டத்தில் பள்ளிச் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறார்கள், பொதுமக்கள் கலந்துகொள்ளலாம்” என்பது அறிவிப்புக்குப் போகட்டும். “சிக்னல் வேண்டும், ஏனென்றால்…” என்பது பேட்டிக்கும் நேயர் அழைப்பு நிகழ்ச்சிக்கும் போகட்டும். அங்கே தரப்பு எடுத்துப் பேசலாம், அதற்காகத்தான் அந்த நேரம் இருக்கிறது.

செய்திப் பிரிவு கேட்பது வேறு. இன்று என்ன நடந்தது என்பதே அவர்களுக்கு முக்கியம். ‘விழிப்புணர்வு’ செய்தி ஆகாது. மனு கொடுத்தது, மன்றம் ஒத்திவைத்தது, பெற்றோர்களே நின்று ஒரு காலையில் எத்தனை வண்டிகள் வேகம் குறைக்காமல் போயின என்று எண்ணியது, இவை செய்தி. சொந்தமாக எண்ணிய அந்தக் கணக்கு ஒன்று கையில் இருந்தால் எல்லாக் கதவும் கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

காசு கொடுத்து விளம்பரம் போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தால்தான் மனதில் நிற்கும், ஒன்றிரண்டு முறைக்கு மட்டும் பணம் இருந்தால் அதைத் துண்டறிக்கைக்குச் செலவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும், அந்த வித்தியாசமும் சின்னதல்ல. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம் வானொலி, தொலைக்காட்சி இரண்டிலும் அரசியல் விளம்பரங்களைத் தடை செய்கிறது. கட்சிகள் மட்டுமல்ல, சட்டத்தை மாற்றச் சொல்லும் இயக்கங்களும் அதில் அடக்கம். விலங்குநல அமைப்பு ஒன்று இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2013இல் 9க்கு 8 என்ற மயிரிழையில் தடை செல்லும் என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் வணிக நிலையங்கள் கருத்து விளம்பரங்களைக் காசுக்கு ஒலிபரப்பலாம். ஆனால் வணிக நோக்கற்ற நிலையங்கள் அப்படி நேரம் விற்கக் கூடாது. இந்தியாவில் தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். அதேசமயம் போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள் அங்கே ‘செய்தி’யாகக் கருதப்படுவதில்லை. உங்கள் விஷயம் அந்தப் பக்கத்தில் விழுமா என்று பாருங்கள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் எல்லா நிலையங்களும் இரட்டிப்பு எச்சரிக்கையாகிவிடும். வேட்பாளர் யாரையாவது பாராட்டியோ திட்டியோ பேசினால் நிகழ்ச்சியே போகாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் என்றால் உங்கள் பதிவின் விதிகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முப்பது நொடி அறிவிப்பை எப்படி எழுதுவது?

வழக்கமான அளவுகள் 15, 30, 60 நொடி. ஆங்கில வழிகாட்டிகளில் முப்பது நொடிக்கு 75 சொல் என்று போட்டிருப்பார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது, நம் சொற்கள் நீளம். 45, மிஞ்சினால் 50 சொல். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள், அதுதான் கடைசி அளவுகோல். ஓர் உதாரணம்:

“காலை எட்டே முக்கால். பள்ளிக்கூட வாசல். பையன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. உங்கள் பிள்ளையும் இந்த ரோட்டைக் கடக்கிறதா? வரும் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி, நகர மன்றத்தில் பள்ளிச் சாலை பற்றிப் பேசுகிறார்கள். பொதுமக்களும் பேசலாம். வாருங்கள். செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி, நகர மன்றம்.”

நாளும் நேரமும் இரண்டு தடவை வருகின்றன. நேயர் முதல் தடவை கவனிக்கவே மாட்டார், இரண்டாவது தடவைதான் காதில் விழும். குழுவின் பெயரையே விட்டுவிட்டேன், அதற்காக யாரும் வரப்போவதில்லை. நிலையம் கேட்டால் முடிவில் மூன்று சொல்லில் சேர்த்துக்கொள்ளலாம். “பொதுமக்களின் நலன் கருதி”, “அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு” போன்ற வரிகளைக் கைவிடுங்கள். அவை வந்ததும் காது தானாக மூடிக்கொள்ளும். இணைய முகவரியை எழுத்து எழுத்தாகப் படிப்பதும் வீண். தொலைபேசி எண் ஒன்று போதும். அதையும் மூன்று மூன்றாகவோ ஐந்தைந்தாகவோ பிரித்துச் சொல்லுங்கள்.

அறிவிப்பாளரே படிக்கட்டும் என்று தாளில் கொடுப்பதாக இருந்தால் எழுத்து பெரிதாகவும் வரிகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாகவும் இருக்கட்டும். எண்களை எழுத்தில் எழுதுங்கள். ஒரு வாக்கியம் இரண்டு பக்கங்களில் உடையக் கூடாது. எந்தத் தேதிவரை ஒலிபரப்பலாம் என்பதை மேலே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் முடிந்த மறுநாளும் அறிவிப்பு வரும்.

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து கொடுக்கலாமா?

தாராளமாக. செல்பேசி போதும். துணி நிறைந்த அறை நல்லது, ஓடு பதித்த வெற்று அறை கிணற்றுக்குள் பேசுவது மாதிரி ஒலிக்கும். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி இரண்டையும் அணையுங்கள். செல்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். ‘ப’ வரும் இடங்களில் காற்று மோதாது. ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகக் கொடுக்க முடிந்தால் நல்லது, வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். பேசி முடித்ததும் அதே இடத்தில் அரை நிமிடம் வெறும் அமைதியைப் பதிந்து வையுங்கள், வெட்டி ஒட்டும்போது அது ஒட்டுப்போடப் பயன்படும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமைப் பிரச்சினை இருக்கிறது, நேயர் பாட்டைத்தான் கவனிப்பார் என்ற பிரச்சினையும் இருக்கிறது.

யார் பேசுவது? எங்கள் தலைவர் நன்றாகப் பேசுவார்…

மேடையில் நன்றாகப் பேசுகிறவர் பெரும்பாலும் வானொலியில் தோற்பார். மேடைக் குரல் ஆயிரம் பேரைப் பார்த்துப் பேசுவது. வானொலி நேயர் தனியாக இருக்கிறார். பிள்ளையைத் தினமும் கூட்டிப்போகும் தாயோ தாத்தாவோ தங்கள் பேச்சு வழக்கிலேயே இரண்டு நிமிடம் சொன்னால் அது நிற்கும். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘மன்றம் என்ன செய்ய வேண்டும்’ என்ற பகுதியை மட்டும் சொல்லட்டும். அந்த ஏற்பாட்டைத் தலைவரிடம் சொல்வதுதான் கஷ்டம், அதற்கு என்னிடம் வழி இல்லை.

பாதிக்கப்பட்டவரைப் பேச வைக்கும்போது சம்மதம் முழுமையாக இருக்க வேண்டும். எந்த நிலையம், எப்போது வரும், யார் யார் கேட்பார்கள், பின்னால் இணையத்திலும் இருக்குமா என்பதையெல்லாம் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சிறு ஊரில் பெயரை மறைத்தாலும் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலையோ வீடோ பறிபோகும் ஆபத்து உள்ள விஷயமென்றால், அவர் சொன்னதை வேறொருவர் படிக்கட்டும். குழந்தைகள் பேசுவதானால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், குழந்தையின் சம்மதமும் வேண்டும். இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை.

நேரலைப் பேட்டியில் மடக்கிக் கேள்வி கேட்டால்?

கேட்பார்கள், கேட்க வேண்டும். “சிக்னலுக்குக் காசு எங்கிருந்து வரும்?”, “பெற்றோர்கள் வண்டியை வாசலிலேயே நிறுத்துவதால்தானே நெரிசல்?” இந்த இரண்டாவது கேள்வி உண்மையாகவே இருக்கலாம். மறுக்காதீர்கள். “ஆமாம், அதையும் நாங்கள் சரிசெய்கிறோம். ஆனால் நடந்து வரும் பிள்ளைக்கும் வழி வேண்டுமே” என்று சொன்னால், எதிர்ப்பாளராக இருந்த நேயரும் கொஞ்சம் இறங்கி வருவார். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, விசாரித்து அடுத்த வாரம் வந்து சொல்லலாமா என்று கேளுங்கள். அடுத்த அழைப்பும் அதிலேயே கிடைத்துவிடும்.

போகுமுன் ஒரே ஓர் அட்டையில் நீங்கள் சொல்லியே தீர வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம். தொகுப்பாளருக்கும் அரைப் பக்கக் குறிப்பு கொடுங்கள். விஷயம் என்ன, யார் முடிவெடுப்பது, எப்போது, உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்பவை போதும். பலருக்குப் படிக்க நேரம் இருக்காது, உள்ளே வரும்போதுதான் பார்ப்பார்கள்.

நேயர் அழைப்பு நிகழ்ச்சிக்கு எங்கள் ஆட்களையே கூப்பிடச் சொல்லலாமா?

“இன்று பத்து மணிக்கு நம் விஷயம் வருகிறது, சொல்ல ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள்” என்று உறுப்பினர்களுக்குச் சொல்வதில் தப்பில்லை. எழுதிக் கொடுத்து, ஒரே வாக்கியத்தை ஏழு பேர் பேச வைப்பதும், சம்பந்தமில்லாதவர்போல் நடிக்கச் சொல்வதும் வேண்டாம். மூன்றாவது அழைப்பிலேயே தொகுப்பாளருக்குத் தெரிந்துவிடும், அதன்பிறகு அந்த நிலையம் உங்களுக்கு இல்லை.

அதிகாரியின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டலாமா?

ஆவணம் இருந்தால் செயலைச் சொல்லலாம்: “மார்ச் மாதம் மனு கொடுத்தோம், இன்றுவரை பதில் இல்லை.” நோக்கத்தைச் சொல்லாதீர்கள்: “காசு வாங்கிக்கொண்டு கிடப்பில் போட்டார்.” அவதூறு வழக்கு உங்கள்மேல் மட்டும் வராது, நிலையத்தின்மேலும் வரும். தவிர, சிக்னலுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரே அவராக இருக்கலாம், அவர் திரும்பிவர ஒரு வாசல் வேண்டும். நிகழ்ச்சிக்கு அவரையும் கூப்பிடச் சொல்லித் தயாரிப்பாளரிடம் நீங்களே கேளுங்கள். வந்தால் நேயர்கள் முன்னால் ஒரு வாக்குறுதி கிடைக்கலாம். வராவிட்டால், வரவில்லை என்பதைத் தொகுப்பாளரே சொல்லிவிடுவார்.

எப்போது ஒலிபரப்பினால் நல்லது?

காலையிலும் மாலையிலும் ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் நேரம்தான் உச்சம். இலவச அறிவிப்புக்கு அந்த நேரம் கிடைப்பது அபூர்வம், நள்ளிரவில் போட்டுவிட்டுப் போட்டாயிற்று என்பார்கள். அதனால்தான் பேட்டியை முதலில் கேளுங்கள் என்கிறேன்.

நாளைப் பொறுத்தவரை, முடிவெடுக்கும் கூட்டத்துக்கு ஏழெட்டு நாள் முன்னால் தொடங்கி, முந்தின நாள் முடிப்பது சரியாக இருக்கும். ஒரு மாதம் முன்னால் சொன்னால் மறந்துபோகும். தயாரிப்பாளரிடம் மட்டும் மூன்று நான்கு வாரம் முன்பே பேசிவிடுங்கள். விஷயத்தோடு பொருந்தும் சர்வதேச நாட்கள் இருந்தால் அவையும் உதவும், நிலையங்கள் அப்படிப்பட்ட நாளுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும். பிப்ரவரி 13 உலக வானொலி நாள். ஐ.நா. வானொலி 1946இல் தொடங்கிய தேதி அது. அன்று நிலையங்களே தங்கள் நேயர்களின் கதையைத் தேடும்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வானொலிக்கு மட்டும் தனி எண் ஒன்று கொடுங்கள். மிஸ்டு கால் கொடுத்தாலே போதும் என்று சொன்னால் இன்னும் நல்லது, கூப்பிட்டவர்களை நீங்கள் திரும்பக் கூப்பிடலாம். கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் எப்படித் தெரியும் என்று வாசலிலேயே கேட்டு ஒரு கோடு போடுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்ற நிலையத்தின் கணக்கைவிட, எத்தனை பேர் எழுந்து வந்தார்கள் என்பது உங்களுக்கு முக்கியம்.

ஒன்று கவனம். எண்ணைக் கொடுத்துவிட்டு எடுக்க ஆள் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. நிகழ்ச்சி நடக்கும்போதும், முடிந்து இரண்டு மணி நேரம்வரையும் இரண்டு பேர் அந்தச் செல்பேசியோடு உட்காரட்டும். கூப்பிடுகிறவருக்கு உடனே செய்ய ஒரு வேலையும் கொடுங்கள்: கையெழுத்து, கூட்டம், உறுப்பினருக்கு ஒரு போன். “ஆதரவுக்கு நன்றி” என்று வைத்துவிட்டால் அவர் போய்விடுவார்.

ஒலிபரப்பான பிறகு அந்தப் பதிவை வைத்து என்ன செய்யலாம்?

நிலையத்திடம் அனுமதி கேட்டுப் பிரதி வாங்குங்கள். தாத்தா பேசிய நாற்பது நொடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் குழுக்களில் விடலாம். மன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது போட்டுக் காட்டலாம். முழு நிகழ்ச்சியை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒருமுறை வந்துவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. இனி?

ஒருமுறையில் நடந்திருந்தால்தான் ஆச்சரியம். தயாரிப்பாளருக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். வந்த அழைப்புகளில் சுவாரசியமான ஒன்றை அதில் குறிப்பிடுங்கள், அது அவருக்கு அடுத்த நிகழ்ச்சிக்கான விதை. மன்றம் ஒத்திவைத்தால் அதைச் சொல்லுங்கள், குழு அமைத்தால் சொல்லுங்கள், அளவெடுக்க ஆள் வந்தால் அதையும் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத் தகவல்தான், ஆனால் நேயருக்கு அது தொடர்கதை ஆகிவிடும். சிக்னல் வந்தே விட்டால் முதலில் எரிகிற அன்று காலை நிலையத்தைக் கூப்பிட மறக்காதீர்கள். அந்தக் கதையில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது, அடுத்த தெருவின் கோரிக்கைக்கு நீங்கள் மறுபடி அவர்களிடம்தான் போகப் போகிறீர்கள்.